பூவுக்கு நிற்கும் பஸ்

எங்கள் தகப்பனாரை அத்தா என்றுதான் அழைப்போம். அவர் திண்டுக்கல் நகரில் தோல் மண்டி நடத்தினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் ‘ஸ்டாப்’ என்ற ஒரு சொல்லை அவர் நன்றாக அறிந்திருந்தார். சென்னையிலிருந்து மண்டிக்கு வரும் தந்திகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்தச் சொல் இருக்கும். கணக்கர் தந்தியைப் படித்துக் காட்டும்போது அதையும் விடாமல் படிப்பார். கேட்டுக் கேட்டு அது அத்தாவின் நாவில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் எனக்கு ஒரு வேலை சொன்னாலும் தந்தி அடிப்பது போலவே சொல்வார்.

“கடைக்குப் போறே. ஸ்டாப்பு. சீனி வாங்குறே. ஸ்டாப்பு. எவன் கூடயும் கோலி ஆடாம வீடு வந்து சேர்றே. ஸ்டாப்பு.”

அம்மா அடுப்படியிலிருந்து, “அந்தக் கடைசி ஸ்டாப்பு மட்டும் இவன் காதுல விழாது” என்பார்.

நான் பட்டம் பெற்று வந்த பிறகும் அத்தா இதை விடவில்லை. “அம்புட்டு இங்கிலீசும் படிச்சுட்டு வந்துட்டே. நான் ஒத்தை வார்த்தைய வச்சுக்கிட்டு மண்டிய ஓட்டிட்டேன்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கல்லூரியில் நான் புரட்டிய அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பல பொருள்கள் தரப்பட்டிருந்தன. ஆனால் அது மனிதர்களுடைய வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது திண்டுக்கல்லுக்கும் நிலக்கோட்டைக்கும் இடையே ஓடிய ஒரு பஸ்ஸில்தான்.

ஐம்பதுகளின் இறுதியில் நிலக்கோட்டை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதியோர் கல்வி, மாதர் சங்கம் ஆகியவை என் பொறுப்பு. தினமும் காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, மாலையில் திரும்புவேன். அந்த ஆண்டுகளில் சமவெளி முழுவதும் பஸ் தடங்கள் பெருகிக்கொண்டிருந்தன. பஸ்ஸோடு சேர்ந்து அந்தச் சொல்லும் ஊர் ஊராக இறங்கியது. பெண் பார்க்க வருகிறவர்கள், நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதோடு, “ஒங்க ஊருக்கு ஸ்டாப் உண்டா” என்றும் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்டாப் உள்ள ஊர்க்காரர்களின் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்தது. மில்லில் ஒருவனை வேலையை விட்டு நீக்கினால், “ஸ்டாப் பண்ணிட்டாங்க” என்றார்கள். மழை மட்டும் எப்போதும் போலவே நின்றது. பேசி முடித்த கல்யாணமும் எப்போதும் போலவே நின்றுபோயிற்று. அவற்றுக்குப் பழைய சொல்லே போதுமாக இருந்தது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு ஸ்டாப் கிடையாது. கிழக்கே சிறுமலை நீலமாகத் தெரிய, ஒரு வண்டிப்பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் இடம் அது. ஒரு வேப்பமரம் தவிர அங்கே எதுவும் இல்லை. வண்டிப்பாதையில் உள்ளே போனால் ஒரு சிற்றூர். அதைச் சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். முறையான ஸ்டாப் வேண்டுமென்றால் ஓடையைக் கடந்து, ஆள் நடமாட்டமில்லாத பொட்டல் வழியாக நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

ஆயினும் பஸ் அந்த வேப்பமரத்தடியில் தினமும் நின்றது. காரணம், பூ. மல்லிகை மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். விரிந்துவிட்டால் அதைக் கேட்பாரில்லை. எனவே அந்தத் தடத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பூ அனுப்புகிறவர்கள் சாலையோரத்தில் ஒரு கம்பை நட்டு, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவைப்பார்கள். தொலைவிலேயே அதைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கண்டக்டர் இறங்கி, கூடையை மேலே ஏற்றிக் கட்டுவார். மாலையில் வெறுங்கூடை அதே மரத்தடியில் இறக்கப்படும். இந்த ஏற்பாடு எந்த ஏட்டிலும் இல்லை. பஸ் முதலாளிக்குத் தெரியுமா என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஆள் மட்டும் நின்று கை காட்டினால் அந்தப் பஸ்ஸும் நிற்காது, சற்றுப் பின்னால் வரும் வேறு கம்பெனி பஸ்ஸும் நிற்காது. டிரைவர் கையை வெளியே நீட்டி, ஸ்டாப் இருக்கும் திசையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்த மரத்தடியில் ஒரு கூடையோடு ஒரு பெண்பிள்ளையும் ஏறுவதை ஆடி மாதத்தில்தான் கவனித்தேன். இரட்டைச் சடை, தாவணி, தோளில் புத்தகப் பை. கூடையை மேலே ஏற்ற அவள் விடுவதில்லை. மடியில் வைத்துக்கொண்டே வருவாள். நிலக்கோட்டையில் இறங்கி, கூடையைக் கமிஷன் கடையில் சேர்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். மாலையில் வெறுங்கூடையோடு அதே மரத்தடியில் இறங்கிக்கொள்வாள்.

சில நாள்களுக்குப் பிறகு மாதர் சங்கக் கூட்டத்துக்காக அந்த ஊருக்கே போக நேர்ந்தது. பிள்ளையின் தாயார் அங்கே இருந்தார். விஷயத்தைக் கேட்டேன்.

“எட்டாவது வரைக்கும் பக்கத்தூருல படிச்சா சார். மேல படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஸ்டாப்பு வரைக்கும் வயசுப்புள்ளய ஒத்தையில நடக்கவிட முடியுமா. அவங்க அப்பா ஒரே பேச்சா முடியாதுன்னுட்டாரு. அப்புறம் யோசிச்சேன். இங்கனயே பஸ்சு நிக்கிதே. பூவுக்கு நிக்கிது, புள்ளைக்கு நிக்கல. சரி, பூவையும் புள்ளையையும் சேத்து நிறுத்தினேன்.”

“கண்டக்டர் ஒன்னும் சொல்லலையா?”

“கூடைக்குத் தொணையா ஒரு ஆள் வந்தாகணும்னேன். பூவு களவு போகுதுன்னேன்.”

“களவு போச்சா?”

“போகல. போனாலும் போகும்ல” என்றார் அவர். கூட்டத்தில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, சற்றுக் கவலையாகவும் இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பு, எழுதப்படாத ஒரு வழக்கத்தின்மீது, அதுவும் ஒரு செடியின் பருவத்தின்மீது நிற்கிறது. பருவம் மாறினால் என்ன ஆகும்?

கார்த்திகையில் பனி இறங்கியது. மல்லிகைச் செடிக்குப் பனி ஆகாது, மொட்டு சுருங்கிவிடும். கூடை கூடையாக வந்த பூ, வீட்டுக்கு ஒரு கைப்பிடியாகக் குறைந்தது. சாலையோரக் கம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வேப்பமரத்தடியில் மட்டும் சிவப்புத் துணி இருந்தது. ஒரு நாள் பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி, கூடைமேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“பூ எங்க தாயி?”

“அடியில இருக்குண்ணே.”

அவர் குனிந்து பார்த்தார். “இதுக்கு எதுக்குக் கூடை. கொண்டையில வச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது.”

பஸ் முழுவதும் சிரித்தது. பின்னாலிருந்த பெரியவர் ஒருவர், “ஏலே, சாக்குக்கு டிக்கெட்டு போடு” என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். கண்டக்டர் நல்ல மனிதர், சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, “ஏறு. ஆனா நாளைக்கு இது ஓடாது தாயி. டிரைவர் அண்ணன் சத்தம் போடுவாரு” என்றார்.

மறுநாள் சிவப்புத் துணி இருந்தது. பஸ் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக அவள் முகம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

அன்று மாலை திரும்புகையில் முறையான ஸ்டாப்பில் இறங்கி, ஓடையைக் கடந்து அந்த ஊருக்கு நடந்தேன். பிள்ளையின் தகப்பனார் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார்.

“ஸ்டாப் பண்ணிரலாம்னு இருக்கோம் சார்” என்றார் அமைதியாக.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது அது எனக்குப் புதிதாக ஒலித்தது. பிறகு நான் பல ஊர்களில் கவனித்ததுண்டு. பெண்பிள்ளையின் படிப்பு முடிகிறபோது மட்டும், ஒரு வார்த்தை ஆங்கிலமும் பேசாத குடும்பங்களில்கூட அந்த ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘நான் நிறுத்தினேன்’ என்று எந்தத் தகப்பனும் சொல்வதில்லை. ‘ஸ்டாப் பண்ணியாச்சு’ என்பார்கள். எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது போலவும், இவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டது போலவும் அது ஒலிக்கும். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை அழுவதைப் பார்த்துவிட்டுத் தம் சொந்தச் சொல்லால் அதைச் சொல்ல அவர்களுக்கு நா எழுவதில்லை என்றே நினைக்கிறேன்.

“நிறுத்தணும்னு நீங்க விரும்புறீங்களா?” என்று கேட்டேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். “விருப்பமா சார். அவ படிக்கிறத கேட்டுக்கிட்டேதான் செத்த நேரம் கண்ணசருவேன். பஸ்சு நிக்கலன்னா நான் என்ன செய்ய.”

பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவே எழுதி முடித்தேன். அந்த இடத்துக்கு ஒரு ஸ்டாப் ஏன் வேண்டும், எத்தனை குடும்பங்களுக்குப் பயன் என்றெல்லாம் விளக்கமாகவே எழுதினேன். மறுநாள் கண்டக்டரிடம் அதைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

“கொடுத்துறாதீங்க சார். மனு போனா மொதலாளி மொதல்ல என்ன கேப்பாரு? ஸ்டாப் இல்லாத எடத்துல இம்புட்டு நாளா எதுக்குடா நிப்பாட்டுனேன்னு கேப்பாரு. என் வேலையும் போகும், பூவும் போகும். இந்த ஒரு மரத்தோட போகாது, தடம் பூராவும் போயிரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பிள்ளைக்காக நான் நீட்டும் தாள், அந்தச் சாலையில் பூவை நம்பி வாழும் அத்தனை பேருடைய பிழைப்பிலும் கை வைக்கக்கூடும். சும்மா இருந்தாலோ அந்தப் பிள்ளையின் படிப்பு அந்தப் பனிக்காலத்தோடு முடிந்துவிடும். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, அது எங்கே போய் விழும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கமும் துணிய முடியாமல் சில நாள்கள் கழிந்தன.

அதற்குள் தாயார் தம் வழியில் துணிந்துவிட்டார். ஒரு காலைப் பொழுதில் வேப்பமரத்தடியில் சிவப்புத் துணி மீண்டும் தெரிந்தது. டிரைவர் முணுமுணுத்தபடி வேகத்தைக் கூட்டப் போனார். தாயார் சாக்கை விலக்கி, கூடையைச் சாய்த்துக் காட்டினார். பஸ் நின்றது. கூடை நிறைந்திருந்தது.

கண்டக்டர் உள்ளே பார்த்தார். ஒரே குவியலாகப் பூ இல்லை. வாழையிலைப் பொட்டலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் கைப்பிடிப் பூ. ஒரு வீட்டுப் பொட்டலம் வாழைநாரால் கட்டியிருந்தது, ஒரு வீட்டுடையது சிவப்பு நூலால், இன்னொன்று தென்னங்கீற்றால். பனிக்காலத்துப் பூவுக்கு விலை உண்டு. ஆனால் ஒரு கைப்பிடியைச் சுமந்துகொண்டு சந்தைக்கு யார் போவது என்று எல்லோரும் வீட்டிலேயே கட்டித் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தாயார் வீடு வீடாகப் போய், “எம்மக கொண்டுபோய்ச் சேப்பா. ஒங்க பூவு ஒங்க கட்டுலயே இருக்கும், எம்பூவோட கலக்காது” என்று சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் ஒருவர் பூவை மற்றவர் பூவோடு கலப்பது வழக்கமே இல்லை. என் மொட்டு பெரிது, உன் மொட்டு சிறிது என்று சண்டை வந்துவிடும். அதனால்தான் தனித்தனிக் கட்டு.

“கூடை நெறஞ்சிருக்குல்ல கண்டக்டரே” என்றார் தாயார்.

“நெறஞ்சிருக்கு.”

“அப்ப எம்மக ஏறலாம்ல.”

கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியடித்தார். மார்கழி முழுவதும் பஸ் நின்றது. தை பிறந்தபோது, வேறு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் அந்தக் கூடைக்குத் துணையாக ஏறத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே ‘ஸ்டாப் பண்ணப்பட்டவள்’. நடுவில் விட்ட படிப்பைத் தொடர வந்திருந்தாள். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு ஏறுவது பார்க்கப் பல்லக்குத் தூக்குவது போல இருக்கும்.

மாசியில் ஒரு நாள் பஸ் கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர் நடுவழியில் ஏறினார். காக்கிச் சட்டை, கையில் பென்சில். வேப்பமரத்தடியில் பஸ் நின்றதும் அவர் எழுந்தார்.

“இங்க ஸ்டாப் ஏது?”

“பூ சார்.”

“பூவா? ஒரு கூடைக்கு நாலு பேரா?”

நான்கு பிள்ளைகளும் படிக்கட்டில் பாதி ஏறியபடி நின்றார்கள். “எறங்குங்க. ஸ்டாப்ல போய் ஏறுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் பிள்ளை இறங்கினாள். அவளோடு கூடையும் இறங்கியது. மற்ற மூவரும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர், “கூடைய ஏத்திக்க” என்று கண்டக்டரிடம் சொன்னார். அப்போது மரத்தடியில் நின்றிருந்த தாயார் முன்னால் வந்து கூடையின் விளிம்பில் கை வைத்தார்.

“கூடை ஏறாது அய்யா.”

“ஏன்?”

“இது ஒரு வீட்டுக் கூடை இல்ல, ஊருக் கூடை. இந்தப் புள்ளைக போற பஸ்சுலதான் இது போகும். ஒங்களுக்குப் பின்னால வேற கம்பெனி பஸ்சு ஒன்னு வருதுல்ல. பங்குனி வந்தா இந்த மரத்தடிக்கு எம்புட்டுக் கூடை வரும்னு அந்தக் கண்டக்டருக்கும் தெரியும்.” அவர் குரலில் சூடு இல்லை; வெஞ்சனத்துக்கு உப்பு போதுமா என்று கேட்பது போலத்தான் சொன்னார். “நாங்க செத்த நேரம் காத்திருந்துக்கிறோம். நீங்க போங்க.”

இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, “அவங்க சொல்றது நெசந்தான் சார். பங்குனில மேல கூடை வைக்க எடமிருக்காது” என்றார்.

இனி மறைப்பதற்கு எதுவும் இல்லை. இந்த நிறுத்தம் கம்பெனியின் கண்ணுக்கு வந்துவிட்டது. மனு இனிமேல் கெடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை, ஒருவேளை உதவலாம். பையிலிருந்து அதை எடுத்து, மடிப்பு நீக்கி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். “இங்கே ஒரு ஸ்டாப் கேட்டு எழுதியது. முதலாளியிடம் சேர்த்துவிடுங்கள்” என்றேன். அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்து, நான்கு பிள்ளைகளையும், கூடையையும், சாலையில் பின்னால் தெரிந்த புழுதியையும் பார்த்தார். அந்தப் புழுதியில் அடுத்த கம்பெனி பஸ் வந்துகொண்டிருந்தது.

“இன்னிக்கு ஏத்திக்க” என்றார் கண்டக்டரிடம். “நாலு பேருக்கும் டிக்கெட் போடு. கூடைக்கும் லக்கேஜ் போடு. நான் பேசிப் பாக்குறேன்.”

பேசிப் பார்த்தாரா, முதலாளி என்ன சொன்னார் என்பது எங்களுக்குச் சில வாரங்கள் தெரியவில்லை. நிறுத்தாதே என்ற உத்தரவு வராததால் டிரைவர் நிறுத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு காலையும் அந்த மரம் நெருங்கும்போது பஸ்ஸின் வேகம் குறைகிறதா என்று என் கால்கள்தான் முதலில் கவனிக்கும்.

பங்குனியில் பூ மீண்டும் கொட்டத் தொடங்கியது. அப்போது ஒரு காலையில் வேப்பமரத்தில் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. மஞ்சள் நிறத்தில், கறுப்பு எழுத்தில் ‘பஸ் ஸ்டாப்’ என்று தமிழில் எழுதியிருந்தார்கள். வண்ணம் இன்னும் காயவில்லை. பலகைக்குக் கீழே, வழக்கம்போல் கம்பும் சிவப்புத் துணியும் நின்றன.

“பலகைதான் வந்துருச்சே, துணி எதுக்கும்மா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“பலகைய யாரு பாத்தா சார். டிரைவரு கண்ணு துணிக்குத்தான் பழகியிருக்கு” என்றார் தாயார்.

கூடைகள் பல இருந்ததால் கண்டக்டர் அவற்றை மேலே ஏற்றினார். வேறொரு பெரிய பெண்மணி அவற்றுக்குத் துணையாக ஏறினார். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பிறகு, கடைசியாக அந்தப் பிள்ளை ஏறினாள். தோளில் புத்தகப் பை மட்டும். கண்டக்டர் பழக்கத்தில் அவள் கைகளைப் பார்த்தார்.

“ஓங்கூடை எங்க தாயி?”

“இல்லண்ணே. இன்னிக்கு நான் மட்டுந்தான் வாரேன்.”

அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவள் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் கூடையைத் தாங்கிய மடி வெறுமையாக இருந்தது. சற்று நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மடியில் விரித்து, நிலக்கோட்டை வரும்வரை படித்துக்கொண்டே வந்தாள்.